ஏட்டு மாடக்கண்ணுவின் வாக்கு

தென்காசியில் மாடக்கண்ணு என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. ஏட்டு என்றால்தான் தெரியும். சட்டைக் கையில் இருந்த பட்டையைப் பிய்த்தெறிந்து, அவரைச் சாதாரணக் கான்ஸ்டபிளாக இறக்கிய பிறகும் ஊர் வாய் மாறவில்லை. "ஏட்டையா, சௌக்கியமா?" என்று கடைத்தெருவில் யாராவது கேட்டுவிட்டால் மனுஷனுக்கு முகம் சுண்டிப்போகும். பட்டை போனதற்காகத்தான் இந்த வருத்தம் என்று ஊர் நினைத்துக்கொண்டது. பட்டையாவது ஒன்றாவது! அவர் இழந்தது வேறு.

சுந்தரபாண்டியபுரத்துக்கு அந்தண்டை ஒரு சின்ன ஊர் அவருக்கு. அப்பா அந்த ஊருக்குக் காவல். களத்தில் நெல் அளக்கும்போது காவல்காரனுக்கென்று ஒரு பங்கு ஒதுக்குவார்கள். அதற்குப் பதிலாக ஊருக்குள் ஒரு மாடு, ஒரு குண்டுமணித் தங்கம் காணாமல் போனாலும் அவர்தான் பொறுப்பு. போனால் எப்படி மீட்பார்? யார் எடுத்தது என்று துப்பு வைத்துக் கண்டுபிடித்து, நேரே அவனிடமே போய், ஏதாவது ஒன்றைக் கொடுத்துப் பொருளைத் திரும்ப வாங்கிவிடுவார். அதற்குத் துப்புக்கூலி என்று பெயர். எடுத்தவன் பெயரை மட்டும் செத்தாலும் சொல்லக்கூடாது. சுடலைமாடன் பீடத்தில் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் அவன் பொருளையே கண்ணில் காட்டுவான். பொருள் வந்ததில் உடையவனுக்குத் திருப்தி, தலை தப்பியதில் எடுத்தவனுக்கு நிம்மதி, காவல்காரனுக்கு மரியாதை. ஒரு பண்ணையார் வீட்டு ஒட்டியாணத்தை மீட்டுக் கொடுத்ததற்காக மாடக்கண்ணுவின் அப்பாவுக்கு ஊர் கூடித் தலைப்பாகை கட்டியது. கூட்டத்துக்குள் யாரோ ஒருவர் தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்த பிள்ளை அவர்.

வெள்ளைக்காரன் சட்டம் இதையெல்லாம் மாற்றியது. துப்புக்கூலி கொடுப்பது குற்றம், வாங்குவது குற்றம். போலீஸில் சேர்ந்ததும் மாடக்கண்ணுவும் அதைப் படித்தார். அந்தக் குற்றத்துக்காகப் பலர் மேல் அவர் கையாலேயே கேஸும் எழுதியிருக்கிறார். படித்தது தலையில் இருந்தது. பார்த்தது எங்கே போகும்?

இன்னொரு சட்டமும் அப்போது இருந்தது. ரேகைச் சட்டம். ஒருவன் திருடினானா இல்லையா என்ற பேச்சே அதில் கிடையாது. இன்ன ஊரில் இன்ன சாதியில் பிறந்துவிட்டால் போதும். மீசை அரும்பியதும் இழுத்துவந்து பத்து விரலையும் மையில் தோய்த்து எடுத்துக்கொள்வார்கள். அன்றோடு அவனுடைய ராத்திரிகள் சர்க்காருக்குச் சொந்தம். விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஸ்டேஷனுக்கு வந்து, ஆஜர் சொல்லி, கைநாட்டு வைத்து, வராந்தாவில் படுக்க வேண்டும். விடிந்தபிறகுதான் வீடு. கல்யாணம் முடிந்த அன்றைக்கும் அப்படித்தான். இப்படிப்பட்டவனுக்கு எவன் பெண் கொடுப்பான்? மாடக்கண்ணுவும் அதே சாதிதான். காக்கிச் சட்டை போட்டதால் அவர் விரல் மையில் படாமல் தப்பியது, அவ்வளவே. ஒவ்வொரு சாயங்காலமும் தனக்கு ஒரு தம்பி இருந்தால் எப்படி இருப்பானோ அப்படிப்பட்ட பையன்களின் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தும்போது அவர் அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

அந்த வரிசையில் ஒருத்தன்தான் உச்சிமாகாளி. நெடுநெடுவென்று உயரம், பேச்சு கம்மி. அவன் அப்பன் செத்த அன்றைக்கும் பிணத்தைப் போட்டுவிட்டு ஆஜர் சொல்ல வந்து நின்றான். ஏட்டு அவன் முகத்தைப் பார்த்தார். "ஏலே, வீட்டுக்குப் போ. அப்பன் பக்கத்துல இரு. விடிஞ்சதும் இங்கன வந்திரு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அப்படிச் சொல்ல அவருக்கு ஒரு அதிகாரமும் இல்லை. அவன் ஓடிப்போயிருந்தால் ஏட்டு வேலை அன்றோடு சரி. விடியும்போது அவன் வந்து நின்றான், ஈர வேட்டியோடு. "வந்துட்டேன் அண்ணாச்சி" என்றான். எசமான் என்றுதான் அதுவரை எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதல் முதலாக அந்த ஸ்டேஷனில் ஒருவன் போலீஸ்காரனை அண்ணாச்சி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். அதைக் கேட்டதும் ஏட்டு, "போலே, மூதி, போய்த் தலையத் துவட்டு" என்று அதட்டி அனுப்பினார்.

அதிலிருந்து பிறந்த யோசனைதான் சிவப்புத் துண்டு.

குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் அருவிக்கரையில் ஊர்ப்பட்ட சனம். தலையிலும் உடம்பிலும் எண்ணெயை வழிய விட்டுக்கொண்டு, துணி மூட்டையைப் பாறையில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது மூட்டை இருந்தால் அதிர்ஷ்டம். ஏட்டு என்ன செய்தார், ரேகை வைத்த பையன்களில் ஆறு பேரைப் பொறுக்கி எடுத்தார். பழைய இன்ஸ்பெக்டர் பென்ஷனுக்குக் காத்திருந்த நல்ல மனுஷன். அவரிடம் போய், "இவனுகள அருவிக்கரையில காவலுக்கு நிறுத்துதேன் ஐயா. ராத்திரி ஸ்டேஷன்ல படுக்க வேண்டாம், சாயங்காலம் என்கிட்ட ஆஜர் சொன்னாப் போதும். ரெண்டு சீசன் திருட்டு இல்லாமக் கழிஞ்சா இவனுக பேரை ரேகை ரிஜிஸ்தர்லேர்ந்து அடிச்சிரணும்" என்றார். இன்ஸ்பெக்டர் தாடையைத் தடவிக்கொண்டார். "ஒம்ம பொறுப்பு" என்றார். அந்த ஒரு சொல் போதாதா ஏட்டுக்கு!

ஆறு பேருக்கும் ஆளுக்கொரு சிவப்புத் துண்டு வாங்கிக் கொடுத்தார். "இங்க பாருங்கலே. சர்க்காரை நீங்க நம்ப வேண்டாம். நானே நம்பமாட்டேன். என் வார்த்தைய நம்புங்க. நான் சொன்னா சொன்னதுதான்" என்றார். நம்பிராஜன் என்று ஒரு குறும்புக்காரன் அந்த ஆறில் உண்டு. "அண்ணாச்சி, போலீஸ்காரன் வார்த்தைய நம்புனேன்னு எங்க ஆத்தாகிட்டச் சொன்னா வேப்பிலை அடிக்கக் கூட்டிட்டுப் போயிருவா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஏட்டும் சிரித்தார். ஆனாலும் நம்பினார்கள். அதுதான் பின்னால் வினையாகப் போனது.

முதல் சீசன் ஒரு மூக்குத்தித் திருகு கூடக் காணாமல் போகாமல் கழிந்தது. எவன் குளிக்க வருகிறான், எவன் மூட்டையைப் பார்க்க வருகிறான் என்பது பையன்களுக்கு அத்துப்படி. பெண்கள் பக்கம் வருகிறவர்கள்கூட, "ஏ சிவப்புத் துண்டு, இதைக் கொஞ்சம் பாத்துக்கோப்பா" என்று மூட்டையை வைத்துவிட்டுப் போகப் பழகிவிட்டார்கள். அப்படி ஒரு வார்த்தையை வாழ்நாளில் கேட்டிராதவர்கள் இந்தப் பையன்கள். உச்சிமாகாளி அந்த மூட்டைகளுக்கு முன்னால் அசையாமல் நிற்பான், சாரல் முகத்தில் அடித்தாலும் துடைக்கமாட்டான். இரண்டாவது சீசனுக்குள் அச்சன்புதூரில் அவனுக்கு ஒரு பெண்கூடப் பேசியாயிற்று. பெண்ணின் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "ரிஜிஸ்தர்ல பேரை அடிச்சாச்சுன்னா தை மாசம் கல்யாணம். அடிக்கலன்னா என் மகள் வாசலத் தாண்டமாட்டா."

அவன் அம்மா முத்துவடிவின் காதில் கனத்த பாம்படம் தொங்கும். தோளைத் தொடும் காது. வீட்டில் தங்கம் என்று இருந்தது அந்த ஒன்றுதான். "எம் மருமக கழுத்துக்கு இதை அழிச்சுத்தான் செய்யப்போறேன், எய்யா" என்று ஏட்டைப் பார்க்கும்போதெல்லாம் சொல்லுவாள். ஏட்டு, "இன்னும் ஒரு சீசன் ஆச்சி, ஒரே ஒரு சீசன்" என்பார்.

இரண்டாவது சீசனில், ஆடி அமாவாசை அன்று அருவிக்கரையில் கால் வைக்க இடமில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்த ஒரு உப்பு வியாபாரி வீட்டு அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி போய்விட்டது. மூட்டைக்குள் வைத்திருந்தாளா, கழுத்திலிருந்து எண்ணெயில் வழுக்கியதா, அவளுக்கே தெரியவில்லை. "ஐயோ, என் சங்கிலி!" என்று அவள் போட்ட சத்தத்தில் அருவிச் சத்தமே அடங்கிப்போனது. அவள் புருஷன் பெரிய இடம். நேரே ஸ்டேஷனுக்குப் போய் மேசையைத் தட்டினார்.

பழைய இன்ஸ்பெக்டர் அதற்குள் பென்ஷனில் போயிருந்தார். புதிதாக வந்தவருக்கு இந்தச் சிவப்புத் துண்டு என்றாலே கண்ணில் மிளகாய்ப் பொடி. ஏட்டைக் கூப்பிட்டு, "திருட்டுப் பயல்களைக் காவலுக்கு வைக்கச் சொன்ன புத்திசாலி நீர்தானே? பொருள் வரணும். வரல்லேன்னா ஆறு பேரும் உள்ளே. பேரை அடிக்கிற கதையும் அதோட தீர்ந்தது" என்றார்.

ஏட்டு நேரே அருவிக்கரைக்கு வந்தார். உச்சிமாகாளியைத் தனியே கூட்டிப் போனார். அந்த நேரத்தில் அவர் பேசியிருக்க வேண்டியது போலீஸ்காரன் பேச்சு. யார் எடுத்திருப்பான், யார் மேல் சந்தேகம், வா போய்ப் பிடிப்போம் என்று பேசியிருக்கலாம். பதற்றத்தில் அவர் வாயிலிருந்து வந்தது அப்பாவின் பேச்சு.

"ஏலே உச்சி, காவல் நம்மது. பொருள் போச்சுன்னா தல குனியுதது நாமதான். எப்படியாச்சும் பொருள் திரும்பி வந்தாவணும்லே. என் மானம் ஒன் கையில இருக்கு."

உச்சிமாகாளி அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்தான். "வந்திரும் அண்ணாச்சி" என்றான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஐந்தருவிப் பக்கம் ஏறிப்போனான்.

மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் வந்தான். துண்டின் முனையை அவிழ்த்தான். உள்ளே சங்கிலி, இரண்டு வடமும் அறுபடாமல். ஏட்டு அப்படியே அவனைக் கட்டிக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் நின்று யோசித்திருந்தால்! அந்தச் சங்கிலியை அவர் தனியே கொண்டுபோய், பாறை இடுக்கில் கிடந்தது என்று மேசையில் போட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். புத்தியுள்ள மனுஷன்தான் அவர். அன்றைக்கு அந்தப் புத்தி எங்கே புல் மேயப் போயிருந்ததோ! "வாலே, இன்ஸ்பெக்டர் ஒன் மூஞ்சியப் பாக்கட்டும். நீதான் கொண்டாந்தேன்னு தெரியட்டும்" என்று அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். அவர் கண்ணில் அப்போது அப்பாவின் தலைப்பாகைதான் இருந்திருக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் சங்கிலியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "யார்கிட்ட இருந்தது?"

"அதைச் சொல்லக்கூடாது எசமான்" என்றான் உச்சிமாகாளி. ஒளிக்கவேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. "துப்புக்கூலி குடுத்து வாங்கினேன்."

"என்ன கொடுத்தாய்?"

"எங்க ஆத்தா பாம்படத்த."

இன்ஸ்பெக்டர் மெதுவாகச் சிரித்தார். "திருட்டுப் பொருள் உன் கையில் இருக்கிறது. எவன் கொடுத்தான் என்று சொல்லமாட்டாய். அப்படியானால் திருடன் நீ. இல்லை, திருடனுக்குக் கூட்டாளி. எதுவானாலும் உள்ளேதான்." ஏட்டு குறுக்கே விழுந்தார். "ஐயா, நான்தான் அனுப்பினேன். நான் சொல்லித்தான்…" "நீர் என்ன சொல்லி அனுப்பினீர் என்பதைக் கோர்ட்டில் சொல்லும். இப்போது பூட்டைத் திறவும்" என்றார் இன்ஸ்பெக்டர். சாவி ஏட்டின் இடுப்பில்தான் இருந்தது. அவர்தான் திறந்தார், அவர்தான் பூட்டினார். என்னத்தைச் சொல்ல!

அன்றிலிருந்து ஏட்டுக்குச் சோறு இறங்கவில்லை. கம்பிக்கு முன்னால் போய்ப் போய் உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் ஒரு வழி வைத்திருந்தார். எடுத்தவன் பெயரைச் சொல்லிவிட்டால் இவன் சாட்சி, வெளியே போகலாம், ரிஜிஸ்தரில் பெயரையும் அடிப்பேன் என்றார். எல்லாம் ஒரே ஒரு பெயரில் நின்றது.

"சொல்லிருலே. ஒன் காலப் பிடிச்சுக் கேக்கேன். எவனோ ஒரு களவாணிப் பயலுக்காவ நீ ஏன் சாவுத?"

"அவனுக்காவ இல்ல அண்ணாச்சி."

"பின்ன எவனுக்குலே?"

உச்சிமாகாளி கம்பிப் பக்கம் நகர்ந்து வந்தான். "அவன் பொருளக் காட்டவே மாட்டேன்னுட்டான். ஒன்னய எப்படி நம்ப, நீ ரேகை வச்ச பய, ரெண்டு அடி விழுந்தா கக்கிருவேன்னான். மாடன் மேல சத்தியம்னேன், அதுக்கும் மசியல. அப்புறம்தான் ஒங்க பேரச் சொன்னேன். ஏட்டு அண்ணாச்சி இதுக்கு ஜாமீன், அவுக சொன்னாச் சொன்னதுதான்னேன். 'காவக்காரர் மகன் வாக்கா, அப்பச் சரி'ன்னு உடனே எடுத்துக் குடுத்துட்டான். ஒங்க வாக்கு அண்ணாச்சி அது. நான் எப்படி அதை ஒடைக்க?"

என் வார்த்தையை நம்புங்கள் என்று இரண்டு வருஷமாகத் தொண்டை கிழியச் சொன்னவர் ஏட்டுதான். நம்பிவிட்டான். அவரைக் கேட்காமலே அவர் வார்த்தையை எடுத்துக்கொண்டுபோய் ஈடு வைத்துவிட்டான். இப்போது அந்த வார்த்தைதான் அவனைக் கம்பிக்குள் வைத்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு அழலாம் போல இருந்தது அவருக்கு. ஸ்டேஷனில் அழ முடியுமா? எழுந்து வெளியே போனார்.

வெளியே முத்துவடிவு நின்றாள். காதில் பாம்படம் இல்லை. ஓட்டை பெரிதாகிப்போன வெறும் காது தோளில் தொங்கியது. "எய்யா, ஒங்கள நம்பித்தான் அதைக் கழத்திக் குடுத்தேன். அண்ணாச்சி மானம் போகக்கூடாதுன்னு எம் மகன் சொன்னான், உடனே கழத்தினேன்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏட்டுக்கு அத்தனை கஷ்டமாக இருந்திருக்காது.

வீட்டில் அவர் பெண்சாதி முருகம்மாள் இலையைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். கறாரான பொம்பிளை. "இன்ஸ்பெக்டர் என்ன சொல்லுதாரு?" என்று கேட்டாள்.

"நான் அனுப்பலன்னு சாட்சி சொன்னா என் பட்டை நிக்கும்னு சொல்லுதாரு."

"சொல்லப்போறீகளோ?"

"இல்ல."

"நல்லது" என்றாள் முருகம்மாள். "பட்டை போனாப் போவுது, கூழக் குடிச்சாலும் குடிப்போம். ஆனா ஒண்ணு கேக்கேன். ஒங்க வாக்காலதான அந்தப் பிள்ள உள்ள கெடக்கான்? அது ஒங்க வாக்குதான? அதை நீங்களே திருப்பி எடுத்துக்கிட்டா அவன் வாயத் திறப்பாம்லா? ஊருல ஒங்கள நாலு பேரு தூத்துவாக. தூத்தட்டும். பிள்ள வெளிய வந்திருவான்."

ஏட்டு சாப்பிடாமலே இலையை மடித்தார். அவர் அப்பா இருந்திருந்தால் இந்தப் பேச்சைக் கேட்டுக் காறித் துப்பியிருப்பார். கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்ட காவல்காரன் அந்தச் சீமையில் கிடையாது. மிச்ச ஐந்து பேரும் என்ன நினைப்பார்கள்? இனி எந்தப் பையன் எந்தப் போலீஸ்காரனை நம்புவான்? எல்லாம் தெரிந்தது அவருக்கு. அவன் வெளியே வந்தால் போதும் என்று முடிவு செய்தார்.

கோர்ட் வாசலில் ஐந்து பேரும் வந்து நின்றார்கள், சிவப்புத் துண்டோடு. உள்ளே விடவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஏட்டு கூண்டில் ஏறி, நடந்ததை நடந்தபடி சொன்னார். நான்தான் பொருளைக் கொண்டுவா என்று அனுப்பினேன், இவன் திருடன் இல்லை, நான் சொன்னதைத்தான் செய்தான் என்றார். இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்த பார்வையில் பட்டை அப்போதே கிழிந்துவிட்டது. மாஜிஸ்திரேட் வயசாளி, இரக்கமுள்ளவர். பேனாவை வைத்துவிட்டு, "ஏட்டு, நீர் சொல்வதை நான் நம்புகிறேன். ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. எடுத்தவன் பெயரை அவன் சொல்லட்டும், இப்போதே விட்டுவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு வேறு வழி இல்லை" என்றார்.

ஏட்டு கூண்டைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் பக்கம் திரும்பவே கூடாது என்று வைராக்கியமாக இருந்தார்.

"ஏலே உச்சி. எல்லாரும் கேக்கச் சொல்லுதேன். என் பேரச் சொல்லி நீ குடுத்த வாக்க நான் திருப்பி எடுத்துக்கிட்டேன். அது இனிமே இல்ல. ஒனக்குக் கட்டுப்பாடு ஒண்ணும் கெடையாது. பேரச் சொல்லிரு. வீட்டுக்குப் போ."

ஜன்னலுக்கு வெளியே யாரோ, "அண்ணாச்சியாலே இப்படிச் சொல்லுதது?" என்று கேட்டது மட்டும் அவர் காதில் விழுந்தது. நம்பிராஜன் குரல்.

மாஜிஸ்திரேட் உச்சிமாகாளியைப் பார்த்தார். "கேட்டாயா? இனி சொல்."

உச்சிமாகாளி ஏட்டைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இல்லை. காய்ச்சல்காரனைப் பார்ப்பது போலப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அண்ணாச்சி எனக்காவ விட்டுட்டாக எசமான்" என்றான். "அவுக விட்டா விடட்டும். அவுக வாக்க நான் வச்சிருக்கேன்."

"உனக்குப் புத்தி இருக்கிறதா?" என்றார் மாஜிஸ்திரேட்.

அதன் பிறகு எவ்வளவு கேட்டும் அந்தப் பெயர் அவன் வாயிலிருந்து வரவில்லை. ஒன்றரை வருஷம் கடுங்காவல். முத்துவடிவு கோர்ட் வாசல் படியில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. ஏட்டு அவளிடம் போய் நின்றார். அவள் வெறும் காதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

பட்டை அந்த வாரமே போயிற்று. இன்ஸ்பெக்டர் அவரை வேறு ஊருக்கு மாற்றாமல் அதே ஸ்டேஷனில் வைத்துக்கொண்டார். சாயங்கால ரிஜிஸ்தர் இனி மாடக்கண்ணு பொறுப்பு என்று எழுதினார். வேண்டுமென்றே செய்ததுதான், வேறென்ன? அருவிக்கரைக் காவல் ரத்து. விளக்கு வைத்ததும் மிச்ச ஐந்து பேரும் வரிசையில் வந்து நின்றார்கள். தோளில் துண்டு இல்லை. மாடக்கண்ணு பெயரை வாசித்தார். நம்பிராஜன் முன்னால் வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், "ஆஜர், எசமான்" என்றான். மற்ற நாலு பேரும் அப்படியே சொன்னார்கள். ஒருத்தன் வாயிலிருந்தும் அண்ணாச்சி வரவில்லை. கைநாட்டு வைத்துவிட்டு வராந்தாவில் போய்ப் படுத்தார்கள். பழையபடி ஆயிற்று, பழையதைவிட மோசமாகவே ஆயிற்று. முன்பெல்லாம் அந்த வராந்தாவில் பேச்சும் சிரிப்பும் கொஞ்சமாவது இருக்கும்.

அச்சன்புதூர்ப் பெண்ணை அந்தத் தையிலேயே பாவூர்சத்திரத்தில் வேறொருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். முத்துவடிவு மறு சித்திரையில் செத்துப்போனாள். கொள்ளிவைக்க மகன் வரமுடியவில்லை. சங்கிலி எடுத்தவன் யார் என்று ஒருவருக்கும் கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பாம்படமும் எங்கேயும் விலைக்கு வரவில்லை. மாடக்கண்ணு அதைத் தேடாத ஆசாரிக் கடை இல்லை. கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று முருகம்மாள் ஒருநாள் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்து, மாசிப் பனி இறங்கிய ஒரு சாயங்காலம் உச்சிமாகாளி வரிசையின் கடைசியில் வந்து நின்றான். ஜெயிலிலிருந்து வந்தவன் அன்றைக்கே ஆஜர் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். ஆள் பாதியாகியிருந்தான். முன்பல் ஒன்று இல்லை. மாடக்கண்ணு அவன் வந்ததைப் பார்த்துவிட்டார். பார்த்தும் பார்க்காதவர் போல மற்றவர் பெயர்களை வாசித்தார். ஆஜர் எசமான், ஆஜர் எசமான் என்று ஒவ்வொருத்தனாக வந்து போனான். கடைசியில் ஒரு பெயர்தான் மிச்சம் இருந்தது.

"உச்சிமாகாளி."

அவன் முன்னால் வந்தான். என்ன கேட்டாலும் தகும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார் அவர். வைதுவிட மாட்டானா, முகத்தில் துப்பிவிட மாட்டானா என்றுகூட அவருக்கு இருந்தது.

"ஆஜர், அண்ணாச்சி" என்றான்.

வராந்தாவில் படுக்கை விரித்துக்கொண்டிருந்த ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மாடக்கண்ணு தலையை நிமிர்த்தினார். மேசையில் மைத்தட்டு இருந்தது, ரிஜிஸ்தர் திறந்திருந்தது, உள் அறையில் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். உச்சிமாகாளி தன் வலது கையை மாடக்கண்ணு கேட்கும் முன்பே நீட்டினான். அவர் அந்தக் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார்.